டிக் டிக் பெட்டி: எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கைகர் கவுன்ட்டர், நான்கு மாதத்துக்கு அப்புறம்

வாழைப்பழத்தை வைத்ததும் எண்ணிக்கை குறைந்துவிட்டது. கதிர்வீச்சு பட்டால் டிக் என்று சத்தம் போட்டு எண்ணுகிற இந்தப் பெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். பழம் இல்லாமல் பத்து நிமிடத்துக்கு 262 டிக். பழத்தோடு 247. "மிஸ், அப்போ வாழைப்பழம் கதிர்வீச்சை உறிஞ்சுதா?" என்று கேட்டான் கடைசியில் உட்காரும் பையன். கேலிக்குக் கேட்டானா நிஜமாகக் கேட்டானா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கே நான் கொடுத்த 3,200 ரூபாயில் பாதி தேறிவிட்டது.

பெங்களூர் அல்சூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். அவர்களுக்கு மின்சாரமும் உண்டு, கதிரியக்கமும் (சில அணுக்கள் தானாக உடைந்து கதிர் விடுவது) உண்டு. மின்சாரத்துக்கு செல், பல்பு, வயர் என்று எதையாவது மேஜையில் பரப்பிவிடலாம். கதிரியக்கம் வந்தால் படம்தான். ஆல்ஃபா கதிர் தாளில் நிற்கும், பீட்டா அலுமினியத் தகட்டில் நிற்கும், காமாவுக்கு ஈயம் வேண்டும் என்று மூன்று அம்புக்குறி. நாகர்கோவிலில் நான் படித்தபோதும் அதே மூன்று அம்புக்குறி. அணு என்பது தேர்வுக்கு மட்டும் இருக்கிற பொருள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. அதற்காகத்தான் இதை வாங்கினேன்.

மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி சிக்பேட்டில் இறங்கி நடந்தால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு. முதல் மாடியில் ஒரு சின்னக் கடை, பெயர் வேண்டாம். கண்ணாடிக்குள் பத்துப் பன்னிரண்டு பச்சை போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். கன்னடமும் இந்தியும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசினான். "டியூப் ஒடைஞ்சா வாரன்ட்டி இல்ல மேடம், இப்பவே பாத்துக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சரி, நேர்மையான கடை.

கையில் வருவது இதுதான்: உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதன்மேல் இரண்டு ஃபியூஸ் கிளிப்புக்கு நடுவே பென்சில் போல ஒரு கண்ணாடி டியூப், இரண்டு வரி காட்டும் சின்னத் திரை, ஒரு பஸ்ஸர், ஒரு சிவப்பு லைட். பெட்டி கிடையாது. "பெட்டி" என்று நான் எழுதுவதெல்லாம் பழைய பிளாஸ்டிக் டிஃபன் டப்பாவை வெட்டி நானே செய்த உறை. விளக்கத்தாள் சீன மொழியில். டியூபில் எந்தப் பக்கம் பிளஸ் என்று குறி இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க என் வயதுக்கு பூதக்கண்ணாடி வேண்டும்.

உறை ஏன் முக்கியம் என்றால், யு.எஸ்.பி.யிலிருந்து 5 வோல்ட்தான் உள்ளே போகிறது, டியூபின் இரண்டு முனைக்கும் நடுவே நிற்பதோ சுமார் 400 வோல்ட். பழைய டியூப்லைட் பட்டியில் சோக்கும் ஸ்டார்ட்டரும் செய்கிற அதே வேலைதான். சுருளில் ஓடுகிற மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டினால் மின்னழுத்தம் எகிறும். இங்கே அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்து ஒரு மின்தேக்கியில் சேர்த்து வைக்கிறார்கள். ஆற்றல் எங்கிருந்தும் கூடுதலாக வரவில்லை, வோல்ட் ஏறிய அளவுக்கு மின்னோட்டம் இறங்கிவிடுகிறது. அதனால் தொட்டால் ஆளைக் கொல்லாது, ஆனால் சுருக்கென்று தேள் கொட்டின மாதிரி ஒன்று கொடுக்கும். எனக்குக் கொடுத்தது. பிள்ளைகள் கைக்குத் திறந்த போர்டைக் கொடுக்காதீர்கள். விற்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். இதற்கே அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

இப்போது என் மானம் போன கதை. வாங்கிவந்த அன்றே மல்ட்டிமீட்டரை எடுத்து டியூப் முனைகளில் வைத்தேன். 400 இருக்க வேண்டிய இடத்தில் 264 காட்டியது. ஏமாற்றிவிட்டான் என்று மறுநாளே மெட்ரோ ஏறினேன். கடைப் பையன் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "மேடம், உங்க மீட்டரே குடிக்குது" என்றான். எனக்குப் புரியவில்லை. போர்டைத் திருப்பி டியூபுக்கு முன்னால் இருக்கும் ஒரு மின்தடையைக் காட்டினான். 5.1 மெகாஓம். "உங்க மீட்டர் பத்து மெகா. ரெண்டும் சேந்து பங்கு போட்டுக்கும்ல?"

நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். 400 பெருக்கல் 10, வகுத்தல் 15.1. 265. வோல்ட்மீட்டரின் மின்தடை மிக அதிகமாக இருக்க வேண்டும், ஏன்? இரண்டு மதிப்பெண் கேள்வி. இருபத்திரண்டு வருடமாக நான் விடை சொல்லிக்கொடுத்த கேள்வி. "அதிகமாக" என்றால் எதைவிட அதிகமாக என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை போலிருக்கிறது. கடையில் ஒரு மன்னிப்புக் கேட்டு, ஒரு ஸ்பேர் டியூபும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு தனியாக 900 ரூபாய்.

டியூபுக்குள் நடப்பதைப் பிள்ளைகளுக்கு மெஜஸ்டிக் மெட்ரோ படிக்கட்டை வைத்துத்தான் சொன்னேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல்படியில் ஒருவர் தடுக்கினால் முன்னால் இருப்பவர் மேல் விழுவார், அவர் இன்னும் இருவர் மேல், கடைசிப் படியில் பத்துப் பதினைந்து பேர். கதிர் ஒன்று டியூபுக்குள் வந்து வாயு அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. 400 வோல்ட் அதை இழுக்க, அது வேகமெடுத்துப் போய் இன்னும் பலவற்றைத் தட்டிவிட, கடைசியில் பஸ்ஸர் கத்துகிற அளவுக்கு ஒரு மின்துடிப்பு. கைகரும் முல்லரும் 1928-ல் இந்தக் குழாயைச் செய்தார்கள். உள்ளே இருக்கும் தத்துவம் அதற்கப்புறம் பெரிதாக மாறவில்லை. ஆக, ஒரு டிக் என்பது எங்கோ ஓர் அணுக்கரு உடைந்ததற்கோ விண்வெளியிலிருந்து ஏதோ ஒரு துகள் வந்ததற்கோ அடையாளம். டியூப் பக்கத்தில் எதுவும் வைக்காமலே என் அறையில் நிமிடத்துக்கு 26 டிக். ஸ்விட்சைப் போட்டவுடன் ஆறு பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் டியூஷன் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

சரி, வாழைப்பழம். பழத்தில் பொட்டாசியம், பொட்டாசியத்தில் கொஞ்சம் பொட்டாசியம்-40, அது கதிரியக்கம் உள்ளது என்பது எல்லோரும் எங்கோ கேட்டிருக்கிற செய்தி. ஒரு பழத்தில் நொடிக்குச் சுமார் 15 சிதைவு. பத்து நிமிடத்துக்கு 9,000. ஆனால் அதில் பெரும்பகுதி பழத்துக்குள்ளேயே நின்றுவிடும், மிச்சம் எல்லாத் திசைக்கும் போகும், பென்சில் அளவு டியூபில் வந்து விழுவது சொற்பம். அப்புறம் ஏன் குறைந்தது? அது குறையவே இல்லை. 262 எண்ணினால் அதன் வர்க்கமூலம் சுமார் 16. அதே இடத்தில் அடுத்த பத்து நிமிடத்தில் 246-உம் வரலாம், 278-உம் வரலாம். மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டும். 247 அந்த ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது. எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டமாகப் பார்த்தால் மட்டும் கணக்கு வரும். புத்தகம் இதை "தற்செயல் நிகழ்வு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறது. பையன்கள் ஒரு வாரம் பத்துப் பத்து நிமிடமாக எண்ணி நோட்டில் எழுதினார்கள். 240, 271, 259, 283 என்று.

அதனால்தான் இந்தத் திரையை நம்பாதீர்கள் என்கிறேன். திரையில் மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிட எண்ணிக்கையை 151 ஆல் வகுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். இந்த மாதிரி வகுக்கும் எண்கள் பொதுவாக சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் காமாவுக்குக் கட்டியவை. பொட்டாசியத்தின் பீட்டாவுக்கும் அதே எண்ணால் வகுத்தால் கிடைப்பதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு டிக்கை மட்டும் எண்ணுங்கள். மருத்துவமனைப் பக்கம், செல்போன் டவர் பக்கம் என்று எடுத்துப்போய் "ஆபத்து" வீடியோ எடுக்க இது உதவாது. அதிலும் டவரிலிருந்து வரும் அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிற சக்தியே கிடையாது, டியூப் அதைக் கவனிக்காது.

பழத்தை விட்டுவிட்டு பொட்டாஷ் உரத்துக்கு வந்தோம். மொட்டைமாடித் தோட்டத்துக்கு வாங்குகிற அந்தச் சிவப்பு உப்புதான். அரை கிலோவில் நொடிக்கு ஏழாயிரத்துக்கு மேல் சிதைவு. பாக்கெட் மேலேயே டியூபைப் படுக்கவைத்தால் பத்து நிமிடத்துக்கு 371. இது ஆட்டக் கணக்கு இல்லை, நிஜ ஏற்றம். எழுபது கிலோ ஆளின் உடம்பில் இதே பொட்டாசியம்-40 நொடிக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் சிதைகிறது என்று சொன்னதும் கண்ணாடி போட்ட பெண் பக்கத்தில் இருந்தவளைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

சிவாஜி நகரில் பழைய விளக்குக் கடை ஒன்றில் பெட்ரோமாக்ஸ் மாண்டில் (விளக்குக்குள் ஒளிரும் வலை) கிடைத்தது. பழைய சரக்கில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கும், இப்போது வருகிற சிலவற்றில் இருக்காது. எனக்குக் கிடைத்தது பழையது. ஒரு நிமிடத்துக்கு 480. தனித்தனி டிக் போய் தகரக் கூரையில் மழை மாதிரி ஆகிவிட்டது. தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம், அதாவது இருக்கிற அணுக்களில் பாதி உடைய ஆகும் காலம், 1,400 கோடி வருடம், பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். ஜிப் கவரை விட்டு மாண்டிலை வெளியே எடுக்கவில்லை, எரிக்கவும் இல்லை. அதன் தூள் மூக்குக்குள் போகக் கூடாது.

இங்கேதான் கருவியின் பெரிய குறை தெரிந்தது. மாண்டிலுக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்தோம். எண்ணிக்கை அசையவில்லை. மூன்று மில்லிமீட்டர் அலுமினியம் வைத்ததும் சரசரவென்று இறங்கியது. பீட்டாவுக்குப் பாடம் சரியாக வந்தது, ஆல்ஃபாவுக்கு வரவில்லை. காரணம் எளிது. ஆல்ஃபாவை ஜிப் கவரே நிறுத்தியிருக்கும், அதைத் தாண்டினாலும் டியூபின் கண்ணாடிச் சுவர் நிறுத்திவிடும். ஆல்ஃபா வேண்டுமென்றால் முனையில் மெல்லிய மைக்கா ஜன்னல் வைத்த டியூப் வாங்க வேண்டும், அது வேறு விலை. மூன்று அம்புக்குறியில் ஒன்றை இந்தப் பெட்டியால் காட்டவே முடியாது என்பதைக் கடையிலும் சொல்லவில்லை, விளக்கத்தாளிலும் படம் போட்டுக் காட்டவில்லை. ஒரு நட்சத்திரம் போச்சு.

இன்னொரு தொந்தரவு வெயில். மொட்டைமாடிக்குக் கொண்டுபோனதும் டிக் தாறுமாறாக ஏறியது. பிள்ளைகள் கைகா அணுமின் நிலையம் வரை யோசித்துவிட்டார்கள். டியூபைக் கறுப்புக் காகிதத்தால் சுற்றியதும் பழைய 26-க்கு வந்தது. வெளிச்சம் பட்டால் இந்தக் கண்ணாடி டியூப் உளறும். வெளியே கொண்டுபோகிறவர்கள் முதலில் காகிதம் சுற்றுங்கள்.

எல்லாச் சோதனையிலும் எனக்குப் பிடித்தது பலூன். டிசம்பர் குளிர், காற்று வறண்டிருந்த நாள். தரைத்தளத்தில் பூட்டியே கிடக்கும் சாமான் அறையில், ஊதிய பலூனை ஸ்வெட்டரில் நன்றாகத் தேய்த்து அரை மணி நேரம் தொங்கவிட்டோம். தரையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து பிறக்கிற அணுக்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு காற்றில் மிதக்கும். பலூனின் நிலைமின்சாரம் அவற்றை இழுத்துக்கொள்ளும். காற்றைப் பிடுங்கிவிட்டு பலூன் ரப்பரை டியூபில் சுற்றினோம். முதல் பத்து நிமிடம் 688. அறையின் 262-ஐக் கழித்தால் 426. நாற்பது நிமிடம் கழித்து எண்ணினால் மிச்சம் 210. இன்னும் நாற்பது நிமிடம் கழித்து 99. ஐந்து ரூபாய் பலூனில் அரை ஆயுட்காலம், கண் முன்னாலேயே! கடைசிப் பையன் விடவில்லை. "நாற்பது நிமிஷம்னா அது எந்தத் தனிமம் மிஸ்?" எதுவும் இல்லை. பலூனில் ஒட்டிய ஈயம்-214-க்கு அரை ஆயுட்காலம் 27 நிமிடம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிடம், ஒன்று உடைந்து மற்றொன்றாகி அதுவும் உடைகிறது, இரண்டும் சேர்ந்து நமக்குக் காட்டுவது இந்த நாற்பது. இதைச் சொல்லிமுடிக்க எட்டரை மணி ஆகிவிட்டது, இரண்டு அம்மாக்கள் போன் செய்துவிட்டார்கள். மழைக்காலத்தில் இதைச் செய்து பார்க்காதீர்கள், பலூனில் மின்னேற்றம் நிற்காது.

லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறைக்கும் கொண்டுபோனோம். சுமார் 300 கோடி வருடப் பழைய பாறை. பத்து நிமிடத்துக்கு 351, அவ்வளவுதான் விஷயம். காவலாளி வந்து என்ன இது என்று கேட்டதுதான் அதிக நேரம் எடுத்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கைப்பையில் எடுத்துப் போனேன். எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மண் கிடக்கும், அதில் மோனசைட் என்ற கனிமம், மோனசைட்டில் தோரியம். ஜெர்மனிக்குப் போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து ஷோம்பெர்க் என்பவர் 1909-ல் அதைக் கண்டுபிடித்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மண் ஆலை இன்றும் ஓடுகிறது. பெங்களூர் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் விண்வெளிக் கதிர் இங்கே கொஞ்சம் கூடுதல், கடல்மட்டத்தில் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மண்மேல் வைத்ததும் நிமிடத்துக்கு 214. அல்சூரைப் போல எட்டு மடங்கு.

இரண்டே நிமிடத்தில் நின்றும் போனது. பவர் பேங்க் அணைந்துவிட்டது. இந்தப் போர்டு இழுக்கிற மின்னோட்டம் ரொம்பக் கம்மி, போன் கழன்றுவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தானாகத் தூங்கிவிடுகிறது. தம்பி கடைக்கு ஓடி மூன்று பென்சில் செல்லும் ஒரு செல் டப்பாவும் வாங்கி வந்தான். 4.5 வோல்ட்டில் நன்றாகவே ஓடுகிறது.

அம்மா பக்கத்தில் அதே மண்ணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மண்ணுல கெடந்துதான் மக்ளே நீ வளந்தது. இப்போ அது டிக் டிக்குன்னா நான் என்ன செய்யணும்?" என்றாள். எழுபத்தாறு வயது. கேரளத்தில் இதேபோன்ற மண் இருக்கும் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். எங்கள் ஊர் மண்ணைப் பற்றி ஊரில் இருக்கும் வாக்குவாதம் வேறு, அதில் இந்த 3,200 ரூபாய்ப் பொருளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. மண்ணை அள்ளிக்கொண்டும் வரவில்லை, மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிற கனிமம். டிக் சத்தத்தை மட்டும் போனில் பதிவு செய்துகொண்டேன்.

ஆக மூன்றரை நட்சத்திரம். அளக்கும் கருவி என்று வாங்கினால் ஏமாற்றம்தான். எண்ணும் கருவி என்று வாங்கினால் சொல்லிக்கொடுப்பவருக்கு இதைவிட மலிவாக வேறொன்று கிடைக்குமா என்று தெரியவில்லை. டிஃபன் டப்பா உறை, கறுப்புக் காகிதம், செல் டப்பா, ஸ்பேர் டியூப் எல்லாம் சேர்த்து எனக்கு 4,300 ஆயிற்று. பஸ்ஸரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அதன்மேல் ஒரு செல்லோடேப் ஒட்டிக்கொள்ளுங்கள், சத்தம் பாதியாகும்.